ரவாங் விளக்கு முதல் மின்னேற்று நிலையம் வரை

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் கூறிச் சென்ற மொழி. கொடுப்பவனுக்கும் கொள்பவனுக்கும் இடையே நம்பிக்கை நிலைபெற வேண்டுமாயின், இருவருக்கும் பொதுவான ஓர் அளவு வேண்டும் என்பதனைத் தமிழர் பண்டே உணர்ந்திருந்தனர். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் நெல் அளப்பதற்குரிய ‘ஆடவல்லான்’ என்னும் மரக்கால் குறிக்கப்படுகிறது. அஃது ‘இராசகேசரி’ என்னும் மரக்காலுக்கு ஒப்பானது என்பதும் அங்கே சொல்லப்படுகிறது. கோயிலுக்கு அளப்பவரும் கோயிலிலிருந்து பெறுபவரும் தத்தம் மரக்காலைக் கொண்டுவந்து வழக்காடாதபடி, அளவு இன்னதெனக் கல்லிலே பொறித்து ஊரறிய வைத்தனர்.

கண்ணால் காணக்கூடிய நெல்லுக்கே இத்துணைக் காவல் வேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் கம்பியில் ஓடிவரும் மின்சாரத்திற்கு எத்துணைக் காவல் வேண்டும்? யார் அதனை அளக்கிறார்? அளந்ததை வாங்குபவர் தம் கண்ணால் படித்தறிய முடிகிறதா? கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்சாரம் பரவிய நூற்று முப்பது ஆண்டு வரலாற்றை இவ்வினாக்களைக் கொண்டு நோக்கினால், இன்று நம் தெருக்களில் எழுந்துவரும் மின்னேற்று நிலையங்களின் நிறைகுறைகளும் தெளிவாக விளங்கும். பேச்சு வழக்கில் ‘சார்ஜிங் நிலையம்’ என்று நாம் சொல்வதனையே இக்கட்டுரையில் மின்னேற்று நிலையம் எனக் குறிக்கின்றோம்.

ரவாங்கில் எழுந்த ஒளி

மலாயாவில் மின்விளக்கு முதன்முதலாக ஒளிவீசிய ஊர் கோலாலம்பூர் அன்று. அதற்கு வடக்கே உள்ள ரவாங் ஆகும். ஆண்டு 1894. அங்கே ஈயச் சுரங்கம் நடத்திய லோக் இயூ என்னும் சீனப் பெருவணிகரும், தம்புசாமிப் பிள்ளை என்னும் தமிழ்ப் பெருமகனாரும் சேர்ந்து மின்னாக்க இயந்திரத்தை நிறுவினர். சுரங்கத்தில் ஊறும் நீரை இறைப்பதே அவர்தம் முதல் நோக்கம். அம்மின்சாரமே ரவாங் தெருவுக்கும் விளக்காயிற்று.

தம்புசாமிப் பிள்ளையை நாம் பெரும்பாலும் ஆலயப் பணிக்காகவே நினைவுகூர்கிறோம். 1873-இல் கோலாலம்பூர் மகா மாரியம்மன் ஆலயத்தைத் தோற்றுவித்தவர் அவர். பத்துமலையில் முருக வழிபாட்டுக்கு வழிகோலியவரும் அவரே. 1893-இல் தோன்றிய விக்டோரியா கல்விக்கூடத்தின் முதல் அறங்காவலர்களுள் ஒருவராகவும் விளங்கினார். இந்நாட்டு மின்சார வரலாற்றின் முதல் ஏட்டிலும் அவர் பெயர் இருக்கிறது என்பதனை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

ஆயினும் ஒன்றனை இங்கே கருத வேண்டும். ரவாங் மின்சாரம் விற்பனைப் பொருளாகப் பிறக்கவில்லை. சுரங்க உரிமையாளர் தம் தொழிலுக்காக ஆக்கிக்கொண்ட ஆற்றல் அது. தெருவில் சென்றவன் அவ்வொளியில் நடந்தானே தவிர, அதற்கு விலை கொடுக்கவில்லை. அதன்மீது அவனுக்கு உரிமையும் இல்லை. கொடுப்பவர் மனம் வைத்தால் விளக்கு எரியும் என்பதே அன்றைய நிலை.

அளவி பிறந்த கதை

அக்காலத்தில் மேலை நாடுகளில் மின்சாரம் விலைப்பொருளாகிவிட்டது. 1882-இல் எடிசன் நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் மின்நிலையம் அமைத்தார். தொடக்கக் காலத்து மின் நிறுவனங்கள் பல, விளக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கின. விளக்கு ஒரு மணி எரிந்தாலும் இரவு முழுதும் எரிந்தாலும் கட்டணம் ஒன்றே. இது நெடுநாள் நீடிக்க இயலாத முறை.

எடிசன் ஓர் அளவியைச் செய்தார். அதில் துத்தநாகத் தகடுகள் இருக்கும். மின்சாரம் ஓட ஓட அவற்றின் எடை மாறும். நிறுவனத்தின் ஆள் மாதந்தோறும் வந்து தகடுகளை எடுத்துச் சென்று, நிறுத்துப் பார்த்துக் கணக்கெழுதுவான். அறிவியல் முறையில் அதில் பிழை காண்பது அரிது. ஆனால், வீட்டுக்காரர் அந்த அளவியைப் பார்த்துத் தாம் எவ்வளவு செலவழித்தோம் என்று அறிய வழியில்லை. விற்பவர் கையிலேயே அளவும் இருந்தது. சில ஆண்டுகளில், முள்ளும் எண்ணும் கொண்டு எவரும் படிக்கத்தக்க அளவிகள் வந்தன. தகட்டு அளவி மறைந்தது. வாங்குபவர் படிக்க முடியாத அளவியை மக்கள் ஏற்கமாட்டார் என்பது இவ்வரலாறு தரும் முதற்பாடம்.

செங்கற்சூளையும் மின்நிலையமும்

1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய வீடுகள் அழிந்தபின், செங்கல்லால் கட்டும் முறை புகுந்தது. அச்செங்கல் சுட்ட சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கிப் புகைவண்டி ஓடத் தொடங்கியது. 1890-இல் பாலம் கடந்து கிள்ளான் நகரையே அடைந்தது. இருப்புப்பாதைப் பணிக்காகத் தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தோர் பிரிக்பீல்ட்சில் குடியமர்ந்தனர். கோலாலம்பூர் புகைவண்டி நிலையம் 1895-இல் மின்விளக்குப் பெற்றது. எனவே, இருப்புப்பாதைத் தமிழர் இந்நகரில் மின்னொளியை முதலில் கண்டவருள் சேர்வர் எனலாம்.

1920-களில் பிரிக்பீல்ட்சை அடுத்த பங்சாரில் பெரிய மின்நிலையம் எழுந்தது. பத்து ஆராங் சுரங்கத்தில் 1915 முதல் 1960 வரை வெட்டப்பட்ட நிலக்கரி நாட்டின் புகைவண்டிகளுக்கும் மின்நிலையங்களுக்கும் உணவாயிற்று. இன்றைய தெனாகா நேஷனல் நிறுவனத்தின் தலைமையகம் பங்சார் சாலையிலேயே இருப்பது அப்பழைய தொடர்பை நினைவூட்டுகிறது. 1953-இல் கிள்ளானில் கன்னாட் பாலத்து மின்நிலையம் திறக்கப்பட்டது. 1980-களில் கிள்ளானை அடுத்த காப்பாரில் அதனினும் பெரிய நிலையம் தோன்றியது. கோலாலம்பூரின் ஒளிக்குக் கிள்ளான் எரிந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஒரே வாரியம், ஒரே பட்டியல்

இரண்டாம் உலகப் போருக்கு முன் மலாயாவில் மின்சாரம் பல கைகளில் இருந்தது. அரசின் மின்துறை ஒருபுறம், நகராட்சிகள் ஒருபுறம், தனியார் நிறுவனங்கள் மற்றொருபுறம் என ஊருக்கு ஊர் வழங்குவோர் வேறுபட்டனர். 1949 செப்டம்பர் முதல் நாளில் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965-இல் அது தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் பெற்றது. பினாங்கு மாநகரின் மின்பகுதி 1976-இலும், பேரா ஆற்று நீர்மின் நிறுவனம் 1982-இலும் அவ்வாரியத்துள் அடங்கின. சிதறிக் கிடந்த சிற்றூர் மரக்கால்களெல்லாம் ஒரே மரக்காலாயின. 1990 செப்டம்பர் முதல் நாளில் வாரியம் தெனாகா நேஷனல் என்னும் நிறுவனமாக மாறிய பின்னரும், தீபகற்பத்து வீடுகளுக்கு ஒரே கட்டணப் பட்டியல் என்னும் முறை நிலைத்தது.

எனினும் இவ்வொருமை எல்லார்க்கும் ஒரே காலத்தில் கிட்டவில்லை. கிள்ளான் வட்டாரம் உள்ளிட்ட பல இடங்களில், தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம்மவர்க்கு மின்சாரம் வாரியத்தின் கம்பிவழி வருவதற்கு முன், தோட்ட நிருவாகத்தின் இயந்திரம் வழியாகவே வந்தது. மாலையில் இயந்திரம் ஓடும். இரவில் குறித்த நேரத்தில் நிற்கும். விளக்கு அணையுமுன் பாடத்தை முடித்தாக வேண்டும் என்பது அன்றைய தோட்டத்துப் பிள்ளைகளின் வாழ்க்கை. நகரத்துப் பிள்ளையின் விளக்கு அவன் தந்தை கட்டிய பணத்தால் எரிந்தது. தோட்டத்துப் பிள்ளையின் விளக்கு துரையின் ஆணையால் எரிந்தது. தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போதிய மின்சாரம் தருவதை முதலாளியின் கடமையாக 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வற்புறுத்தியது. நிலத்துக்கு உரியவர் ஒருவரும் அதில் வாழ்பவர் வேறொருவருமாக இருக்குமிடத்தில், மின்சாரம் எவ்வளவு தாமதமாக வந்து சேரும் என்பதற்கு இது சான்று. இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொள்வோம்; மீண்டும் இது நமக்குப் பயன்படும்.

ஊர்தியை ஓட்டிய மின்சாரம்

மின்சாரத்தால் ஊர்தி ஓடுவது புதுமை என்று எண்ணுவோர் உளர். அஃது உண்மையன்று. சென்னை நகரில் 1895-இலேயே மின் டிராம் ஓடியது. பினாங்கில் 1906-இல் ஓடியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்தொடர்வண்டி சற்றுத் தாமதமாக, 1995-இல் கொமுட்டர் வடிவில் வந்தது. செந்தூலிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரையும், ரவாங்கிலிருந்து சிரம்பான் வரையும் பாதைகள் மின்மயமாயின. முதல் மின்விளக்கு எரிந்த ரவாங்கே, நூறாண்டு கழிந்து மின்தொடர்வண்டியின் ஒரு முனையாகவும் அமைந்தது வரலாற்றின் அழகிய ஒற்றுமை. பிரிக்பீல்ட்சின் பழைய இருப்புப்பாதை நிலத்தில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது.

இவற்றிலெல்லாம் பயணி மின்சாரத்தை வாங்கவில்லை, பயணச்சீட்டையே வாங்கினான். மின்செலவு சீட்டின் விலைக்குள் மறைந்திருந்தது. தனியார் ஊர்தியோ அத்தகையதன்று. அதற்குரிய மின்சாரத்தை உரியவரே தேடிச் சென்று வாங்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மின்கார்கள் மிகுதியாக ஓடியபோது இச்சிக்கல் எழுந்தது. நாணயம் இட்டால் மின்சாரம் வழங்கும் தெருக்கம்பம் ஒன்றை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வடிவமைத்தது, அது பரவவில்லை. ஹார்ட்போர்டு நகர மின்நிறுவனம் வேறொரு வழி கண்டது. ஊர்தியின் தீர்ந்த மின்கலத்தைக் கழற்றி, நிறைந்த மின்கலத்தை மாட்டித் தந்தது. உரிமையாளர் மாதக் கட்டணத்தோடு ஓடிய மைலுக்கு இவ்வளவு எனப் பணம் கட்டினார். மைல் என்பது எவரும் அறிந்த அளவு. ஆகவே அம்முறை பல ஆண்டுகள் நடந்தது. பின்னர்ப் பெட்ரோல் ஊர்திகள் மலிந்து, மின்கார் மறைந்தது.

இன்றைய நிலையங்கள்

ஏறத்தாழ நூறாண்டு உறங்கிய அவ்வூர்தி மீண்டும் எழுந்து வந்துள்ளது. 2021-இல் மலேசிய அரசு வெளியிட்ட திட்டம், 2025-க்குள் 10,000 பொது மின்னேற்று முனைகளை அமைப்பதாக இலக்கு வகுத்தது. அவற்றுள் 9,000 மெதுவாக ஏற்றுவன. 1,000 விரைவாக ஏற்றுவன. 2022 முதல் மின்கார்களுக்கு இறக்குமதி வரிவிலக்கு வந்தது. 2024 டிசம்பரில் புரோட்டோன் நிறுவனமும் தன் முதல் மின்காரை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஆனால், அவ்வாண்டின் இறுதியில் நாட்டிலிருந்த பொது முனைகள் நான்காயிரத்தையும் எட்டவில்லை. இருந்தவற்றிலும் பெரும்பகுதி கிள்ளான் பள்ளத்தாக்கைச் சார்ந்தே அமைந்தது.

நிலையத்தின் இயல்பை அறியாதவர்க்காகச் சிறிது விளக்குவோம். மெதுவாக ஏற்றும் முனை வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டத்தையே தருகிறது. அதன் ஆற்றல் பெரும்பாலும் 7 கிலோவாட் முதல் 22 கிலோவாட் வரை. பேரங்காடிகளின் ஊர்தி நிறுத்துமிடங்களில் நாம் காண்பவை பெரும்பாலும் இவையே. விரைவாக ஏற்றும் முனை, நேர்மின்னோட்டத்தை மின்கலத்துக்கே நேராகச் செலுத்துகிறது. 50 கிலோவாட் முதல் அதனினும் பன்மடங்கு ஆற்றல் உடையது. காரின் மின்கலம் 60 அலகு கொள்ளுமெனில், அதில் ஐந்தில் மூன்று பங்காகிய 36 அலகை ஏற்ற, 7 கிலோவாட் முனைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேலாகும். விரைவு முனைக்கு ஒரு மணிக்கும் குறைவான நேரமே போதும். இங்கு அலகு என்பது ஒரு கிலோவாட் மணி; நம் வீட்டு மின்கட்டணச் சீட்டில் காண்பதும் இதுவே.

பணம் கட்டும் முறையோ பெட்ரோல் நிலையத்தினின்றும் வேறுபட்டது. பல நிலையங்களில் பணியாளர் இல்லை, பணப்பெட்டியும் இல்லை. கைத்தொலைபேசியில் அந்நிறுவனத்தின் செயலியை இறக்கிப் பதிவுசெய்து, சிலவற்றில் முன்பணமும் செலுத்தி, முனையில் உள்ள கட்டக் குறியைப் படம்பிடித்த பின்னரே மின்சாரம் வரும். ஏறி முடிந்தபின் ஊர்தியை அகற்றாமல் நிறுத்தினால், தாமதக் கட்டணமும் சேரும். நிறுவனம் மாறினால் செயலியும் மாறும். ஒரு செயலியில் இட்ட பணம் மற்றொன்றில் செல்லாது. அண்மையில் சில நிறுவனங்கள் ஒன்றன் செயலியால் மற்றதன் முனையையும் இயக்க வழிசெய்திருப்பது வரவேற்கத்தக்கது.

நிமிடமா, அலகா?

இனி, அளவு பற்றிய வினாவுக்கு வருவோம். தொடக்கத்தில் அரசுசார் பசுமைத் தொழில்நுட்ப நிறுவனம் அமைத்த ‘சார்ஜ்ஈவி’ நிலையங்களில், ஆண்டுக்கு 240 வெள்ளி கட்டியவர் வேண்டிய மட்டும் மின்னேற்றிக்கொள்ள முடிந்தது. இது விளக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்ற பழைய கட்டண முறையின் மறுபிறப்பேயாகும். பிறகு விரைவு முனைகள் வந்தபோது, பல நிலையங்கள் நிமிடக் கணக்கில் பணம் வாங்கின. அதன்பின்னரே அலகுக் கணக்கு பரவிற்று. அன்றைய மின்விளக்கு கடந்துவந்த வழியையே இன்றைய மின்காரும் கடந்துவருகிறது.

நிமிடக் கணக்கில் குறை என்ன? குழாயடியில் இருவர் நீர் பிடிக்கிறார்கள் என்று கொள்வோம். ஒருவர் குழாய் அகலமானது. மற்றவர் குழாய் குறுகலானது. குடத்தைப் பாராமல் நிற்கும் நேரத்துக்கே காசு வாங்கினால், குறுகிய குழாய்க்காரர் குறைந்த நீருக்கு மிகுந்த விலை கொடுத்தவராவார். மின்கார்களும் அவ்வாறே. விலையுயர்ந்த கார் மின்சாரத்தை விரைந்து கொள்ளும்; எளிய கார் மெல்லக் கொள்ளும். மின்கலம் நிறைய நிறைய, ஏறும் வேகமும் குறையும். ஆகவே நிமிடக் கணக்கு எளியவர்க்கே சுமையாகும்.

இதில் ஒரு சட்ட நுணுக்கமும் உண்டு. நிலையத்தார் விற்பது மின்சாரமா, தொண்டா? 2018-இல் இந்திய அரசு, மின்கலத்தில் மின்னேற்றுவது ஒரு தொண்டே என்றும், அதற்கு மின்விற்பனை உரிமம் வேண்டியதில்லை என்றும் தெளிவுபடுத்தியது. மலேசியாவிலோ, 1990-ஆம் ஆண்டு மின்வழங்கல் சட்டத்தின்கீழ் எரிசக்தி ஆணையத்தின் உரிமம் வேண்டும். உரிமம் என்பது தொழில் தொடங்குவோர்க்குத் தடையாகத் தோன்றலாம். ஆயினும் உரிமம் தரும் கை, அளவையும் கேட்கும் கையாக அமையுமாயின், அது மக்களுக்குக் காவலாகும்.

முன்றில் இல்லாதவர் நிலை

பொது நிலையத்தின் விலையை இப்போது எண்ணிப் பார்ப்போம். 2025 ஜூலையில் தீபகற்பத்தின் அடிப்படை மின்கட்டணம் சராசரியாக அலகுக்கு 45.40 காசு என வகுக்கப்பட்டது. வீட்டில் ஏற்றுபவர் அலகுக்கு 45 காசு கொடுப்பதாகக் கொண்டால், 36 அலகுக்கு 16 வெள்ளி 20 காசு ஆகும். விரைவு நிலையங்களில் விலை ஒரு வெள்ளியைக் கடந்து நிற்பது வழக்கம். 1 வெள்ளி 40 காசு என வைத்துக்கொண்டால், அதே 36 அலகுக்கு 50 வெள்ளி 40 காசு ஆகும், ஏறக்குறைய மும்மடங்கு.

நிலையத்தார் கொள்ளையடிக்கிறார் என்று இதனாற் சொல்லிவிட முடியாது. விரைவு இயந்திரத்தின் விலை பெரிது. தனி மின்மாற்றி வேண்டும். நிலத்துக்கு வாடகை உண்டு. வரும் ஊர்திகளோ இன்னும் சிலவே. ஆயினும், இம்மும்மடங்கு விலையை நாள்தோறும் கொடுக்க நேர்பவர் யார் என்பதே நாம் கேட்கவேண்டிய வினா. சொந்த நிலத்தில் வீடும் முன்றிலும் உடையவர் இரவில் வீட்டிலேயே ஏற்றிக்கொள்வார். நெடும்பயணத்தின்போது மட்டும் நிலையம் நாடுவார். பிரிக்பீல்ட்சின் அடுக்குமாடியிலோ, கிள்ளானின் மலிவுவிலைக் குடியிருப்பிலோ வாழ்பவருக்கு முன்றில் ஏது? ஊர்தி நிறுத்துமிடம் பொதுச் சொத்து. அங்கே முனை அமைக்கக் குடியிருப்பின் நிருவாகக் குழு இசைய வேண்டும். கட்டடத்தின் மின்னிணைப்பும் தாங்க வேண்டும். வாடகை ஊர்தி ஓட்டிப் பிழைப்பவர் அத்தகைய வீட்டில் இருப்பாராயின், நாள்தோறும் பொது நிலையத்துக்கே செல்ல வேண்டும்.

தோட்டத்து லயத்தைப் பற்றி முன்னே கண்டோம். இடம் ஒருவருடையது, வாழ்பவர் வேறொருவர் என்ற அதே நிலை இன்று மாடிவீடாக உயர்ந்து நிற்கிறது. அன்று தாமதமாக வந்தது விளக்கு. இன்று தாமதமாக வருவது மின்னேற்றுமுனை. எளியவன் மிகுந்த விலை கொடுத்துக் குறைந்த வசதியைப் பெறும் நிலை மீண்டும் வேர்விடாமல் தடுப்பதே இன்றைய கடமை.

செய்யத்தக்கன

பெட்ரோல் நிலையத்தில் விலைப்பலகை சாலையிலிருந்தே தெரிகிறது. கருவியில் லிட்டரும் வெள்ளியும் அருகருகே ஓடுகின்றன. எழுதப் படிக்க அறிந்த எவரும் அதனைச் சரிபார்க்கலாம். மின்னேற்று நிலையமும் அவ்வாறு அமைதல் வேண்டும். அலகின் விலை செயலிக்குள் மறையாமல், முனையின்மீதே எழுதப்பட வேண்டும். ஏறிய அலகும் சேர்ந்த தொகையும் ஓட்டுநர் கண்முன் தெரிய வேண்டும். செயலி இல்லாதவரும் வங்கி அட்டையால் பணம் கட்ட வழி வேண்டும். அடுக்குமாடிகளில் மெதுவாக ஏற்றும் முனைகளை மிகுதியாக அமைத்து, அவற்றுக்கு வீட்டுக் கட்டணத்தை ஒட்டிய விலையை வகுக்க வேண்டும். இவை அனைத்தும் மின்வாரிய வரலாறு நமக்கு முன்னரே காட்டிய வழிகளே.

தமிழாசிரியர்க்கும் இதில் பங்குண்டு. மின்னேற்றம், மின்கலம், அலகு போன்ற சொற்களை வகுப்பறையில் வழக்குக்குக் கொணரலாம். வீட்டு மின்சீட்டையும் நிலையத்தின் கணக்கையும் மாணவரைக் கொண்டே ஒப்பிடச் செய்யலாம். ரவாங்கின் முதல் விளக்கை ஏற்றியவருள் ஒரு தமிழர் இருந்தார் என்று பெருமை கொள்வது தக்கதே. அப்பெருமை முழுமை பெற, நம் பிள்ளைகள் அளவியைப் படிக்கத் தெரிந்தவராகவும், அளவு தவறினால் ஏன் என்று கேட்கத் துணிந்தவராகவும் வளர வேண்டும். அளவு மக்கள் கண்ணில் படும் இடத்தில்தான் மின்சாரம் மக்கள் பொருளாகும்.